அருணாக்கொடி

ஜன்னல் பக்கம் நீங்க உள்ள போயிருங்கம்மா. எனக்கு இந்த நடைபாதை ஓரந்தான் வேணும். போகும்போதும் இப்படித்தான் உக்காந்து போனோம், அவரு உள்ள, நான் வெளிய. என்னையத் தாண்டாம அவரு எந்திரிச்சுப் போக முடியாதுல்ல, அதுக்காக. இப்ப யாரு எந்திரிச்சுப் போனா எனக்கென்ன. ஆனாலும் இங்க உக்காந்தாத்தான் எனக்குப் பதட்டம் இல்லாம இருக்கு.

இருங்க, அந்த வெண்ணெய் டப்பா... அய்யோ, உங்களுதைப் பிரிச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கை தானாப் போயிருச்சு. ஆறு வருசப் பழக்கம், ஒரு வாரத்துல விட்டுப்போகுமா?

என் மாமனாருதான். மெல்போர்ன்ல எங்க கொழுந்தன் வீட்டுல விட்டுட்டு வாரேன். எங்களுக்கு அருப்புக்கோட்டை. பஜார்ல பாத்திரக்கடை, அவரு ஆரம்பிச்சது, இப்ப எங்க வீட்டுக்காரரு பாக்காரு. மாமாவுக்கு மறதி நோய். மறதின்னா சாவியை எங்க வச்சோம்ங்கிற மறதி இல்ல. சாப்பிட்டு வாயைத் துடைச்ச கையோட, "இந்த வீட்டுல சோறு போட மாட்டாங்களா"ன்னு தெருவுல போய்க் கேப்பாரு. தெருவுல நிக்கிறவ என்ன நினைப்பா? மருமக பட்டினி போடுறான்னுதான் நினைப்பா. நினைச்சாங்க. என் காதுபடவே பேசுனாங்க.

எங்க பக்கம் ஒரு முறை உண்டும்மா. பெரியவுகள்ல ஒருத்தர் போயிட்டா, இருக்கவரை யாரு பாக்குறதுன்னு பதினாறாம் நாளு பங்காளிகளை வச்சுப் பேசிருவாங்க. மாமியா போனப்ப அப்படித்தான் பேசுனாங்க. பெரியவன் வீட்டுல ஆறு மாசம், சின்னவன் வீட்டுல ஆறு மாசம். சொத்தையும் அன்னைக்கே ரெண்டாப் பிரிச்சாச்சு. எங்க கொழுந்தன் ரகுபதி அவன் பங்கை அந்த வருசமே வித்துட்டான். சொத்துல பாதி சரியாப் போய்ச் சேந்துச்சு. மனுசன்ல பாதிதான் போகவே இல்ல.

கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லுவான். மதினி, இப்ப குளிரு. மதினி, அனுராதா வேலை மாறியிருக்கா, அனுராதா அவன் பொண்டாட்டி. மதினி, வீடு சின்னது. அதுக்குப் பதிலா பார்சல் அனுப்புவான். அப்பா எங்க போனாலும் போன்ல காட்டுமாம், அப்படி ஒரு கடியாரம் வந்துச்சு. அவரு அதைக் கழட்டி அண்டாக்குள்ள போட்டுட்டாரு. செருப்புக்குள்ள வைக்கிற அட்டை ஒண்ணு வந்துச்சு, அதுவும் எடத்தைக் காட்டுமாம், ஆனா பூட்சு போடுறவங்களுக்குத்தான். எங்க மாமா பொறந்ததுல இருந்து தோல் செருப்புத் தவிர வேற போட்டதில்ல. பெத்த மகனுக்கு அது ஞாபகம் இல்ல. மறதி நோய் யாருக்குன்னு நானே கேட்டுக்கிடுவேன்.

ஒவ்வொரு பார்சல் வரும்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். ராத்திரியும் பகலும் அவரு பின்னாடியே போற கடியாரம் நான்தான. என்னைய யாரு பார்சல்ல அனுப்புனா?

போன தை மாசம் எங்க நாத்தனா மக சடங்குல வச்சு, பங்காளிக அத்தனை பேரும் பந்தியில உக்காந்திருக்கும்போது கேட்டுட்டேன். "சின்னவர் முறை எப்ப வருதுன்னு யாராவது சொல்லுங்க"ன்னு. ஒருத்தரும் எலையில இருந்து தலையைத் தூக்கல. ஆனா அன்னைக்கே அவனுக்குப் போன் போயிருச்சு. வேற வழியில்லாம சரின்னுட்டான். எங்க வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்கல. "எங்கப்பாவை நான் பாத்துக்கிடுதேன்"ன்னாரு. எங்க பாத்தாரு? கடையில இருந்து வந்து, "அப்பா சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுட்டு டிவியைப் போட்டுருவாரு. பாத்தது யாருன்னு அந்த வீட்டுச் செவுத்துக்குத் தெரியும்.

என்னையவே கூட்டிட்டு வரச் சொன்னான். நான் அதுவரைக்கும் ஏரோப்ளேனை அண்ணாந்து பாத்ததோட சரி. ஆனா சொல்றேன்ம்மா, ஒரு காரியத்துல இறங்கிட்டா நான் அரைகுறையாச் செய்ய மாட்டேன். கடைசியா ஒரு பார்சல் அனுப்புனான். பச்சைப் பட்டை, கழுத்துல மாட்டுறது, மஞ்சளா சூரியகாந்திப் பூப் போட்டிருக்கும். அதைப் போட்டிருந்தா, இவுகளுக்கு வெளிய தெரியாத ஒரு சீக்கு இருக்கு, பொறுமையா நடந்துக்கணும்னு ஏர்போர்ட்டுல உள்ளவங்களுக்குப் புரியுமாம். கையில கட்டுற ரப்பர் வளையம் ஒண்ணு, அதுல என் போன் நம்பரு. காதுல மாட்டுற பெரிய ஹெட்போன், எரைச்சல் கேக்காம இருக்க. அப்புறம் சின்ன அட்டை, இவருக்கு ஞாபக மறதி, என்கிட்டப் பேசுங்கன்னு இங்கிலீசுல. அதை விமானத்துப் பொண்ணுகட்ட நீட்டுனாப் போதும், வாய் தொறக்க வேண்டாம்.

நான் வீட்டுலயே பழக்குனேன். கூடத்துல நாற்காலிகளை வரிசையாப் போட்டு, துண்டை இடுப்புல கட்டி பெல்ட்டுன்னு சொல்லி, பீரோ கதவையும் கட்டிலையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, அதுதான் சோதனை பண்ற வாசல்னு அதுக்குள்ள நடக்கவிட்டு. தெருவுல எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. ஒருநாள் துண்டுப் பெல்ட்டோட உக்காந்துக்கிட்டு, "பஸ்ஸு எப்பத்தா எடுப்பான்"ன்னு என்னையக் கேட்டாரு. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

ரகுபதி போன்ல ஒரு வார்த்தை சொன்னான். அப்பா உடம்புல உலோகம் எதுவும் இருக்கக் கூடாது மதினி, மெஷின் கத்துனா தனியாக் கூட்டிட்டுப் போய்த் தடவிப் பாப்பாங்க, அப்பா கையை ஓங்கிட்டா ஏத்தவே மாட்டாங்கன்னு. மாமா இடுப்புல வெள்ளி அருணாக்கொடி. அவுக கல்யாணத்துக்கு அவுகப்பா போட்டது. கடையில இருக்கும்போது கூட இடது கை பெருவிரலை அதுல மாட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு. எனக்கு வேற நினைப்பே ஓடல. இது கத்தும், எவனாவது இடுப்புல கை வைப்பான், இவரு அறைவாரு, திருப்பி அனுப்பிருவாங்க. அதோட போச்சு என் ஆறு மாசம்.

உங்க பக்கமும் அப்படித்தான? புதுசைக் கட்டிட்டுத்தான் பழசை எடுக்கணும். ஒரு நிமிசம் கூட ஆம்பளை இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாது. செத்த பெறகு, குளிப்பாட்டும்போதுதான் அறுப்பாங்க. எனக்குத் தெரியாதா? கறுப்புக் கயிறு வாங்கித் தயாரா வச்சிருந்தேன். மத்தியானம் அசந்து தூங்குறாரு. முழிச்சிருவாரோன்னு பயத்துல முதல்ல கட்டிங் பிளேயரை வச்சு வெட்டிட்டேன். உருவி எடுக்கும்போது முழிச்சுட்டாரு.

கத்துவாருன்னு நினைச்சேன். கத்தல. பெருவிரலை இடுப்புக்குக் கொண்டுபோனாரு. இந்தப் பக்கம் தேடுனாரு, அந்தப் பக்கம் தேடுனாரு. அப்புறம் என் மொகத்தைப் பாத்து மெதுவாக் கேட்டாரு.

"எடுத்தாச்சா தாயி?"

எதை மாமான்னேன்.

"என்னையத்தான்."

அப்படிச் சொல்லாதீங்க மாமா, நல்லா இருக்கீங்கன்னு சொல்லிக் கயிறைக் கட்டிவிட்டேன். செத்தவனுக்கு எதுக்குக் கயிறுன்னு அவரே அவுத்துக் குடுத்துட்டாரு. எங்க வீட்டுக்காரர்ட்டச் சொன்னேன். அவரு புறவாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்னாரு. அவ்வளவுதான் அவரால முடிஞ்சது.

கெளம்புற அன்னைக்கு அந்த மனுசன் காலையிலயே கடைக்குப் போயிட்டாரு. என்னைக்கும் ஒம்பதுக்கு முன்னாடி கடை தொறக்காதவரு. கார் வந்து நிக்கிது, மாமா கேட்டைப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேங்கிறாரு. நானும் டிரைவரும் இழுக்கோம். எம்புட்டு பலம்ங்கிறீங்க. பக்கத்து வீடெல்லாம் வெளிய வந்துருச்சு. அவரு என்னையப் பாத்து மறுபடியும் கேட்டாரு, எடுத்தாச்சான்னு.

"ஆமா மாமா, எடுத்தாச்சு. வாங்க"ன்னேன்.

கேட்டைப் பிடிச்சிருந்த கை விட்டுருச்சும்மா. அவராவே போய்க் காருல உக்காந்தாரு. இத்தனை வருசமா இந்த வார்த்தை எனக்குத் தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு தொந்தரவு இல்ல. நீங்களே கேட்டுப் பாருங்க, எங்கயாவது உண்டா. மதுரை ஏர்போர்ட்டுல எறங்குனதும் அந்தப் பூப் பட்டையை எடுத்தேன். அவரே தலையைக் குனிஞ்சு குடுத்தாரு. "ஒரு மாலைதானா"ன்னாரு. பெரிய மகன் மாலை எங்கன்னு கேட்டாரு. பின்னால வருது மாமான்னேன். சக்கர நாற்காலி கொண்டாந்தாங்க, உக்காந்தாரு. ஒருத்தரு தள்ளிக்கிட்டுப் போறாரு, எல்லாரும் ஒதுங்கி வழி விடுறாங்க, ரெண்டு பேரு நெஞ்சுல கை வச்சுக் கும்புட்டாங்க. அவரு யாரையும் பாக்கல. நேரா மேல பாத்துக்கிட்டே வாராரு. அந்தப் பட்டைக்கு அம்புட்டு மரியாதைம்மா. சும்மா சொல்லக் கூடாது.

வயித்தெரிச்சல் எங்க தெரியுமா? அந்தச் சோதனை பண்ற எடத்துல. எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவரு, மெஷின் கத்துச்சு. அவரு சட்டையைத் தூக்கி இடுப்புல கெடந்த வெள்ளிக் கொடியைக் காட்டுனாரு. அந்தப் போலீசுக்காரரு சிரிச்சுட்டு, "சரிங்கய்யா, போங்க"ன்னுட்டாரு. அவ்வளவுதான். அவ்வளவுதாம்மா. எனக்கு அங்கேயே அந்தக் கட்டிங் பிளேயரை எடுத்து ரகுபதி தலையில போடணும் போல இருந்துச்சு.

விமானத்துல எல்லாருக்கும் முன்னாடி எங்களை ஏத்துனாங்க. ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு காதைத் தூக்கிட்டுக் கேக்காரு, "ஒருத்தரும் அழக் காணோமே தாயி."

நான் அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமான்னு சொன்னேன். வாய்ச்சொல்லுக்குத்தான். அப்பத்தான் சமாதானம் ஆகி மறுபடி மாட்டிக்கிட்டாரு. சாப்பாடு வந்துச்சு, தொடல. நான் சோத்தைக் கையில எடுத்துக் கொண்டுபோனேன். வாயைத் தொறந்தாரு. "வாய்க்கரிசியா? போடு. நீ போடலாம்"ன்னாரு. அப்படியே ஒவ்வொரு கையா முழுச் சாப்பாடும் போட்டுட்டேன். வீட்டுல ஒரு இட்டிலி இறங்க ஒரு மணி நேரம் கெஞ்சணும். சிங்கப்பூர்ல எறங்கி மாறும்போது ஒரு பொண்ணு பட்டையைப் பாத்துட்டு ஓடி வந்து, தனியா அமைதியான ரூமுல உக்கார வச்சா. பக்குவமாத்தான் பாத்தாங்க. இவரு எல்லாரையும் விட்டுட்டு என் சேலை முந்தியை மட்டும் ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. அது அவரு வழக்கம், அதை விடுங்க.

மெல்போர்ன்ல எறங்குனா ரகுபதிக்கு வாயெல்லாம் பல்லு. அப்பா, அப்பான்னு கட்டிப் பிடிக்கான். அவரு என்னையத் திரும்பிப் பாத்து, சின்னவன் வீட்டுக்கு ஏன் கொண்டாந்தீங்கன்னு கேக்காரு. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிறது பெரியவன்லன்னு. அப்பா பழசையெல்லாம் பேசுறாருன்னு அவன் சிரிக்கான். அவனுக்கு இதெல்லாம் மறந்து எத்தனையோ வருசம் ஆச்சு.

அவுக வீட்டுல அவருக்குன்னு ஒரு ரூமு, மெத்தை, கண்ணாடி ஜன்னலு. நல்லாத்தான் வச்சிருக்காங்க, பொய் சொல்லக் கூடாது. மாமா அதுல நேரா மல்லாக்கப் படுத்துக்கிட்டாரு. ரெண்டு காலையும் சேத்து, கட்டை விரல் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வச்சுக்கிட்டு. கட்டுனாப்பல. எந்திரிக்கிறதில்ல, கூப்பாடு இல்ல, கதவைத் தட்டுறதில்ல. ஊட்டுனா வாங்கிக்கிடுவாரு. தொடைச்சு விட்டா ஒடம்பைக் குடுப்பாரு.

மூணாம் நாளோ நாலாம் நாளோ அனுராதா சொல்லுதா, "அக்கா, நாங்க ரொம்பப் பயந்துட்டோம். மாமா இவ்வளவு அமைதியா இருக்காரே. நீங்க போன்ல கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டீங்களோ?"

கேட்டீங்களா? ஆறு வருசம். பாத்திரக்கடைக்கார வீட்டு மருமக, மாமனாரைத் தேடிக்கிட்டுப் பந்தல்குடி ரோட்டுல தலைவிரி கோலமா ஓடியிருக்கேன். அவரு அடிச்ச அடியில இந்த மணிக்கட்டு இன்னும் மழைக்கு வலிக்கும். நான் கூட்டிச் சொல்லிட்டேனாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நடந்ததைச் சொல்லி, இவரு அமைதியா இல்ல, செத்துப்போயிட்டதா நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்காருன்னு கத்தியிருக்கணும். கத்தல. ஏன் கத்தலைன்னு கேக்காதீங்க. ஆமாம்மா அனு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிட்டேன்னு சொல்லிட்டேன்.

அந்த அருணாக்கொடியா? இதோ, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. ஊர்லயே நகைப் பத்தர்ட்டக் குடுத்துப் புதுக் கொக்கி வச்சு வாங்கிட்டேன். அங்க போய் எறங்குனதும் கட்டி விட்டுரலாம்னுதான் கொண்டுபோனேன். சத்தியமா அதுக்குத்தான். எறங்குன அன்னைக்கு அசதி. மறுநாளு ரகுபதி லீவு போட்டு வீட்டுல இருந்தான். அப்புறம் அவரு படுத்திருக்கிறதைப் பாத்தேன். நீங்களே சொல்லுங்க. கட்டுனேன்னு வைங்க, எந்திரிச்சிருவாரு. எந்திரிச்சா கேட்டைத் தேடுவாரு, பாத்திரக்கடையைத் தேடுவாரு, நடுவீட்டுல ஒண்ணுக்கு இருப்பாரு, அனுராதாவை ஓங்கி ஒரு அறை விடுவாரு. மறுநாளே ரெண்டு டிக்கெட்டு போட்டு, மதினி, ஊர்ல இருந்தாத்தான் அப்பாவுக்கு நல்லதுன்னு அனுப்பி வச்சிருவான். அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா?

அங்கயிருந்து கெளம்புற அன்னைக்கு கையில எடுத்துக்கிட்டு உள்ள போகத்தான் செஞ்சேன். போகலன்னு சொல்லல. கட்டில் பக்கத்துல நின்னேன். அவரு அதைப் பாத்தாரு. பாத்ததும் அந்தப் பெருவிரல் லேசா அசைஞ்சுச்சு. நான் பாத்தேன்.

"அது பெரியவனுக்கு. அவன்ட்டச் சேத்துரு"ன்னாரு.

சரி மாமான்னேன். அவரே சொல்லிட்டாரு, நான் என்ன செய்ய? பையில வச்சுட்டேன்.

அப்புறம் சொன்னாரு. "போகும்போது திரும்பிப் பாக்காமப் போ தாயி. பெரியவனை வெரசா வரச் சொல்லு. அவன் வராம முடிக்க மாட்டாங்க. எம்புட்டு நேரம்தான் இப்படியே கெடக்கிறது."

சுடுகாட்டுல இருந்து வாரவங்களுக்குச் சொல்றதை எனக்குச் சொல்றாரு. நானும் பாக்கல. ரூமை விட்டு வந்தேன், செருப்பை மாட்டுனேன், காருல ஏறுனேன். திரும்பவே இல்ல. ஏர்போர்ட்டுல பையை மெஷினுக்குள்ள விட்டப்ப ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கொடியை வெளிய எடுத்து, உங்களுதான்னு சைகையில கேட்டா. ஆமான்னு தலையாட்டுனேன். வேற என்ன சொல்றது?

அப்படிப் பாக்காதீங்கம்மா. ஆறு மாசந்தான. முறைன்னா முறை. நானும் ஒரு மனுசி. எனக்கு ஒருநாள் முழுசாத் தூங்கி எந்திரிக்கணும், அவ்வளவுதான் ஆசை. ஒரு வாரமா அதுக்கும் கொடுத்து வைக்கல, மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துருது, அவரு எந்திரிக்கிற நேரம்.

அந்த ரப்பர் வளையத்தைத்தான் மாத்தாம வந்துட்டேன். அதுல என் நம்பருதான் இருக்கு. அவரு எங்கயும் போக மாட்டாரு, ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் யாராவது அந்த நம்பருக்கு அடிச்சா இப்ப என் போனு எடுக்காதுல்ல, விமானத்துல?

ஏறுறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு போன் பண்ணுனாரு. நல்லா இருக்காரா, சாப்பிடுறாரா எல்லாம் கேட்டாரு. நல்லா இருக்காருன்னேன். போனை வைக்கப் போறப்ப, "கோமதி, அப்பா என்னையக் கேட்டாரா"ன்னாரு. கேட்டாருன்னு சொன்னா அந்த மனுசன் கடையை இழுத்து மூடிட்டு அடுத்த விமானத்துல ஏறிருவாரு. போய்க் கையோட கூட்டிட்டும் வந்துருவாரு. பாக்கப்போறது யாரு?

கேக்கலைன்னு சொல்லிட்டேன்.

அந்தத் தண்ணி டம்ளரை இங்க குடுங்க, மூடியைப் பிரிச்சுத் தாரேன். மேல ஊத்திக்கிடப் போறீங்க.